டெல்பியில் கோயில் கட்டக் காசு கொடுத்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

கிரேக்க நாகரிகம் பற்றிய பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு நாம் வழமையாகக் காட்டும் படங்களில் ஒன்று டெல்பி. பின்னால் செங்குத்தான பாறை மலை, முன்னால் நீண்ட கல் மேடை, அதன் ஒரு பக்கத்தில் நிற்கும் சில தூண்கள். படத்தின் கீழே "அப்பல்லோ கோயில்" என்று ஒரேயொரு வரி இருக்கும். நாமும் அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரே இடத்தில் எரிந்தும் இடிந்தும் திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட பல கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் யாரோ காசு கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குப் பதிலாக எதையோ வாங்கிக்கொண்டார்கள். நாம் இங்கே சொல்ல வருவது அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். கிரேக்கத்தின் நடுப்பகுதியில், கொரிந்து வளைகுடாவுக்கு வடக்கே, பர்னாசஸ் மலையின் தெற்குச் சரிவில் டெல்பி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே. கோயிலின் உள்ளறையில் பித்தியா என்று அழைக்கப்பட்ட பெண்ணொருத்தி முக்காலியில் அமர்ந்து அப்பல்லோ தெய்வத்தின் பெயரால் குறி சொல்வாள். புதிய ஊர் அமைப்பதா, போருக்குப் போவதா, எந்தச் சட்டத்தை ஏற்பது என்று அரசர்களும் நகர அரசுகளும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு அரசியல் விலை இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கோயில் பலமுறை கட்டப்பட்டது என்பது கிரேக்கர்களுக்கே தெரியும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பவுசானியஸ் என்ற பயணி, உள்ளூர்க் கதையை எழுதி வைத்திருக்கிறார். முதற் கோயில் லாரல் மரக் கிளைகளால் வேயப்பட்டதாம். இரண்டாவதைத் தேனீக்கள் மெழுகாலும் இறகுகளாலும் கட்டினவாம். மூன்றாவது வெண்கலம். நான்காவதைத்தான் துரோபோனியஸ், அகமேடிஸ் என்ற இருவர் கல்லால் எழுப்பினார்களாம். தேனீ கட்டிய கோயிலை நாம் வரலாறாக எடுக்க முடியாது. ஆனாலும் இந்தக் கதையில் ஒரு நேர்மை தெரிகிறது. "எங்கள் கோயில் ஆதியிலிருந்தே இப்படித்தான் நிற்கிறது" என்று டெல்பிக்காரர்கள் சொல்லவில்லை. கிளை போய் மெழுகு வந்தது, மெழுகு போய் உலோகம் வந்தது என்று, அழிவையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கல் கோயில் கி.மு. 548 அளவில் எரிந்தது. இது கதையல்ல, நடந்தது. லிடியா நாட்டு அரசன் குரோசஸ் அங்கே அன்பளிப்பாக அனுப்பியிருந்த தங்கச் சிங்கத்துக்கு என்ன நடந்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 10 தலந்து எடை கொண்டிருந்த சிங்கம், தீயில் தன் பீடத்திலிருந்து விழுந்து மூன்றரைத் தலந்து உருகி, கடைசியில் ஆறரைத் தலந்தாகக் குறைந்ததாம். ஒரு தலந்து என்றால் ஏறத்தாழ 26 கிலோ. விபத்தைப் பதியும்போதுகூட நிறுத்துப் பார்த்துத்தான் பதிந்திருக்கிறார்கள்!

புதிய கோயிலுக்கு 300 தலந்து செலவு என்று மதிப்பிட்டார்கள். அந்நாளில் எழுதப்பட்ட பெரிய தொகை இது. டெல்பி ஒரு சிறிய ஊர். எனவே செலவின் கால் பங்கை ஊரார் தர வேண்டும், மிகுதியைக் கோயிலை நிர்வகித்த அம்பிக்டியனி பார்த்துக்கொள்ளும் என்று தீர்மானமானது. அம்பிக்டியனி என்பது சுற்றியிருந்த 12 இனத்தவர்கள் சேர்ந்த ஒரு சபை. கோயில் எந்த ஒரு நகரத்தின் சொத்தாகவும் ஆகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம்.

டெல்பிக்காரர்கள் வசூலுக்குக் கிளம்பினார்கள். ஊர் ஊராகப் போனார்கள். கடல் கடந்து எகிப்துக்கும் போனார்கள். அங்கே அரசன் அமாசிஸ் கொடுத்தது என்ன தெரியுமா? 1000 தலந்து படிகாரம். ஆம், நாம் முகச்சவரத்துக்குப் பிறகு தடவும் அதே படிகாரம்தான். சாயத் தொழிலுக்கும் தோல் பதனிடுவதற்கும் அது இன்றியமையாதது, எகிப்தில் நிறையக் கிடைத்தது. விற்றுக் காசாக்கலாம். எகிப்தில் குடியேறி வியாபாரம் செய்துகொண்டிருந்த கிரேக்கர்கள் 20 மினா கொடுத்தார்கள். 60 மினா சேர்ந்தால்தான் ஒரு தலந்து. வெளியூரில் உழைக்கும் நம்மவரிடம் ரசீதுப் புத்தகத்தோடு போவதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. வேறு சமயத்து அரசன் ஒருவன் பொருளாகக் கொடுத்த உதவியை வாங்குவதில் அவர்களுக்குத் தயக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அல்க்மியோனிட் குடும்பத்தார். ஏதென்ஸின் பெரிய குடும்பங்களில் ஒன்று. அப்போது ஏதென்ஸில் பைசிஸ்திராட்டஸின் பிள்ளைகளின் சர்வாதிகாரம். இவர்கள் நாடுகடந்து இருந்தார்கள். பலம் கொண்டு ஊருக்குத் திரும்ப முயன்று தோற்றும் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் சாதாரண சுண்ணக்கல்லால் கட்டுவது என்றுதான் இருந்தது. ஆனால் அவர்கள் கிழக்கு முகப்பைப் பாரோஸ் தீவின் பளிங்கால் முடித்துக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்துக்கு மேலே செலவு, தங்கள் கையிலிருந்து.

ஏன்? ஏதென்ஸ்காரர்கள் சொன்னதாக ஹெரோடோட்டஸ் பதியும் செய்தி இது. இந்தக் குடும்பத்தார் பித்தியாவுக்குக் காசு கொடுத்தார்கள். அதன் பிறகு ஸ்பார்ட்டாவிலிருந்து யார் என்ன கேட்டு வந்தாலும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான், "ஏதென்ஸை விடுவியுங்கள்." கேட்டுக் கேட்டு ஸ்பார்ட்டா படை அனுப்பியது. முதற் படை தோற்றது. கி.மு. 510இல் மன்னன் கிளியோமினிஸ் தலைமையில் போன படை சர்வாதிகாரி ஹிப்பியாஸை விரட்டியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே அல்க்மியோனிட் குடும்பத்தைச் சேர்ந்த கிளைஸ்தினிஸ் கொண்டுவந்த சீர்திருத்தத்தைத்தான் நாம் ஏதென்ஸ் ஜனநாயகத்தின் தொடக்கம் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம்.

லஞ்சம் கொடுத்தது உண்மையா என்று இன்று நிரூபிக்க வழியில்லை. பளிங்கு பற்றிய பகுதியை மட்டும் நாமே சரிபார்க்கலாம். அகழ்வில் கிடைத்த முக்கோண முகட்டுச் சிற்பங்கள் டெல்பி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிழக்கு முகப்பின் சிற்பங்கள் பளிங்கு, அப்பல்லோ தேரில் வந்திறங்கும் காட்சி. மேற்கு முகப்பினுடையவை சுண்ணக்கல், தேவர்களும் பூதங்களும் பொருதும் காட்சி. வருகிறவர்கள் முதலில் பார்க்கும் வாசல் பக்கம் பளிங்கு, பின்பக்கம் ஒப்பந்தப்படி! 2000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தவை வெளியே வந்து ஹெரோடோட்டஸுக்குச் சாட்சி சொல்கின்றன.

அந்தக் கோயில் ஏறத்தாழ 130 ஆண்டுகள் நின்றது. கி.மு. 373இல் அதுவும் விழுந்தது. பூமியதிர்ச்சியும் மலைச்சரிவும் காரணம் என்பதே பொதுவான கருத்து. அதே ஆண்டுக் குளிர்காலத்தில் வளைகுடாவின் மறுகரையில் ஹெலிக்கே என்ற நகரம் பூமியதிர்ச்சியில் கடலுக்குள் போனது. டெல்பியில் விழுந்த கற்களில் பயன்படக் கூடியவற்றைப் புதிய அத்திவாரத்துக்குள் போட்டார்கள். உடைந்த சிற்பங்களைக் கோயில் வளவிலேயே புதைத்தார்கள். அந்தச் சிற்பங்கள் இன்றுவரை தப்பியதற்கு அதுதான் காரணம். புதிய கோயில் பழைய அளவிலேயே எழுந்தது. முகப்பில் 6 தூண், பக்கத்தில் 15 தூண், நீளம் ஏறத்தாழ 58 மீட்டர். பார்ப்பவர்களுக்கு அதே கோயில் திரும்பி வந்தது போலத்தான் இருந்திருக்கும். இன்று நாம் படத்தில் காண்பது இந்தக் கோயிலின் மிச்சத்தைத்தான்.

நம்மை அதிகம் கவர்வது இந்த மூன்றாவது கட்டுமானம். காரணம், கணக்குகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வரவு எவ்வளவு, யாரிடமிருந்து, எந்தப் பருவத்தில், எந்த ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்றெல்லாம். இதற்கென்று 'நயோபொயோய்' என்று ஒரு குழு இருந்தது, கோயில் கட்டுவோர் என்று பொருள். பல நகரங்களிலிருந்து வந்த பிரதிநிதிகள் அதில் இருந்தார்கள். அம்பிக்டியனி தன் உறுப்பு நாடுகளில் தலைக்கு ஓர் ஒபோல் என்று வரி விதித்தது. 6 ஒபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. அன்றைய தேர்ந்த கைவினைஞரின் நாட்கூலி ஏறத்தாழ 2 திராக்மா. ஆக ஒபோல் என்பது ஏழையாலும் கொடுக்கக் கூடிய காசு.

வரிக்கு வெளியே தனியாட்கள் கொடுத்ததும் பதிவாகி இருக்கிறது. ஏதென்ஸின் புகழ்பெற்ற நடிகன் தியோடோரஸ் 70 திராக்மா கொடுத்தான். ஸ்பார்ட்டாப் பகுதிப் பெண்கள் சிலர் சில ஒபோல்கள் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயரும் நடிகனின் பெயரும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில். பெரிய தொகை கொடுத்தவருக்குப் பெரிய எழுத்து, சின்னத் தொகைக்கு "மற்றும் பலர்" என்று போடும் பழக்கம் அங்கே இல்லை. (இதை வாசிக்கும்போது யாருக்காவது எங்காவது ஒரு பெயர்ப்பலகை ஞாபகம் வந்தால் அதற்கு நாம் பொறுப்பில்லை.)

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். கொரிந்துப் பக்கத்திலிருந்து கல் வந்தது. ஒரு கல்லின் விலை கல்லுடைக்கும் இடத்தில் 61 திராக்மா. அதைக் கப்பலில் வளைகுடா கடத்தி கிர்ரா துறைமுகத்தில் இறக்க 224. கிர்ராவிலிருந்து மலைமேல் டெல்பிக்கு இழுத்து வர 420. ஆக 61 திராக்மாக் கல், இடத்துக்கு வந்து சேரும்போது 705. கடல் வழி முழுவதையும் விட அந்தச் சில மைல் ஏற்றம்தான் அதிகம் விழுங்கியது. மாடுகளும் வண்டிகளும் வளைந்து வளைந்து ஏறும் பாதையும். "கிரேக்கர்கள் அழகான கோயில்களைக் கட்டினர்" என்று எழுதுகிறோம். காசில் பெரும்பங்கு அழகுக்குப் போகவில்லை, ஏற்றத்துக்குப் போயிருக்கிறது. கட்டடக் கலைஞராகப் பவுசானியஸ் சொல்வது கொரிந்தைச் சேர்ந்த ஸ்பிந்தாரஸை. கணக்குக் கற்களிலோ செனோடோரஸ், அகாதோன் என்ற பெயர்களும் வருகின்றன. புகழ் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது, சம்பளப் பட்டியல் மற்றவர்களையும் காப்பாற்றியது.

வேலை பாதியில் இருக்கும்போது பெரிய குழப்பம் வந்தது. அயலிலிருந்த போக்கிஸ்காரர்கள் தெய்வத்துக்குரிய நிலத்தைப் பயிரிட்டார்கள் என்று அம்பிக்டியனி அவர்களுக்குத் தண்டம் விதித்தது. அவர்கள் கட்டவில்லை. கி.மு. 356இல் டெல்பியையே கைப்பற்றிவிட்டார்கள். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கக் காணிக்கைப் பொருட்களை உருக்கி நாணயம் அடித்தார்கள். தீயில் மூன்றரைத் தலந்தை இழந்த குரோசஸின் சிங்கமும் அப்போதுதான் உருகிப் போனது. மொத்தம் 10,000 தலந்துக்கு மேல் போனதாகத் தியோடோரஸ் சிகுலஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார் (மேலே வந்த நடிகனல்ல, இவர் வேறு, காலத்தாலும் பிந்தியவர்). 10 ஆண்டுப் போர் கி.மு. 346இல் முடிந்தது. முடித்து வைத்தவர் மக்கதோனியாவின் இரண்டாம் பிலிப், அலெக்சாந்தரின் தந்தை.

பிலிப் என்ன வாங்கிக்கொண்டார்? போக்கிஸுக்கு அம்பிக்டியனியில் இருந்த இரண்டு வாக்குகளும் அவருக்குப் போயின. கிரேக்க உலகின் ஓரத்தில் இருந்த அரசன் அன்றிலிருந்து அதன் மிகப் பழைய சபைக்குள் உறுப்பினர். அடுத்த எட்டாண்டுக்குள் கைரோனியாப் போர் நடந்தது, கிரேக்க நகரங்களின் சுதந்திரம் அவர் கைக்குள் வந்தது. போக்கிஸ்காரர்கள் ஆண்டுக்கு 60 தலந்து தண்டம் கட்ட வேண்டும் என்றானது, பின்னர் அது குறைக்கப்பட்டது. கோயிலின் மிகுதி வேலை பெரும்பாலும் அந்தத் தண்டப் பணத்திலேயே நடந்து கி.மு. 330 அளவில் முடிந்தது. காணிக்கையை உருக்கியவர்களின் பிள்ளைகள் கட்டிய காசில் எழுந்த கோயில் என்று சொன்னால் மிகையில்லை.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்த திரேசியர் கோயிலை எரித்தார்கள். கி.பி. 84இல் உரோமைப் பேரரசன் தொமித்தியன் தன் செலவில் திருத்தி, அதைப் பெரிய எழுத்தில் கல்வெட்டாகவும் போட்டான். அவனுக்கு முன் நீரோ 500 வெண்கலச் சிலைகளைக் கொண்டுபோயிருந்தான். கொன்ஸ்தாந்தின் மன்னன், பாரசீகரை வென்ற நினைவாக 31 நகரங்களின் பெயர் பொறித்து வைக்கப்பட்டிருந்த பாம்புத் தூணைத் தன் புதிய தலைநகருக்கு எடுத்துச் சென்றான். உம்றாப் பயணத்தில் இஸ்தான்புல்லில் தரித்தவர்கள் அதைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்கு முன்னாலுள்ள திடலில், ஒரு குழிக்குள், முறுக்கிய கயிறு போல நிற்கும் பச்சை படிந்த வெண்கலத் தூண் அதுதான். மூன்று பாம்புத் தலைகள் இப்போது அதில் இல்லை. ஒன்றின் மேல்தாடை மட்டும் அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ அரசின் தடையோடு பழைய வழிபாடு நின்றது. காலப்போக்கில் இடிபாட்டின் மேலேயே கஸ்திரி என்ற கிராமம் உருவானது. கோயில் கல்லே வீட்டுச் சுவரானது. 1892இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கியபோது கிராமம் முழுவதையும் வேறிடத்துக்கு மாற்றினார்கள். கிராமத்தவர்கள் எதிர்த்தார்கள், தடுக்கவும் பார்த்தார்கள். அந்த அகழ்வு அனுமதிக்கும் ஒரு விலை இருந்தது. கிரேக்கத்திலிருந்து போகும் உலர்ந்த முந்திரிகைக்குப் பிரான்சில் தீர்வை குறைப்பது பற்றிய பேச்சோடு அது நீண்டகாலம் பிணைந்து கிடந்தது. கீழே விழுந்து கிடந்த தூண் துண்டுகளை எடுத்து நிறுத்தியது இன்னும் பிந்தி, 20ஆம் நூற்றாண்டில். எனவே படத்தில் நாம் காட்டும் தூண்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கற்கள், ஆனால் அவை அங்கே நிமிர்ந்து நிற்பது நம் பாட்டன்மார் காலத்திலிருந்துதான்.

இத்தனை கட்டலிலும் இடிதலிலும் விழாமல் நின்ற ஒன்று உண்டு. படத்தில் யாரும் கவனிக்காதது. கி.மு. 548 தீக்குப் பிறகு புதிய கோயிலுக்கு மேடை அமைக்க, சரிவைத் தாங்கும் ஒரு சுவரைக் கட்டினார்கள். கற்களைச் சதுரமாக வெட்டாமல், வளைந்த விளிம்புகளோடு ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி செதுக்கி, சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர். 80 மீட்டருக்கு மேல் நீளம். கோயில் விழுந்த கி.மு. 373ஆம் ஆண்டையும் அந்தச் சுவர் தாண்டியது.

அதன் முகத்தில் 800க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை அடிமைகள் விடுதலை பெற்ற பத்திரங்கள். கி.மு. 200 அளவிலிருந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளாக எழுதப்பட்டவை. ஜெர்மன் அறிஞர் கார்ல் ஒட்பிரீட் மியூலர் 1840 கோடையில் டெல்பிக் கல்வெட்டுகளை வெயிலில் நின்று பிரதி எடுத்தே காய்ச்சலில் விழுந்து ஏதென்ஸில் இறந்துபோனார். பத்திரங்களின் முறை இப்படி. அடிமைக்குச் சட்டத்தில் ஆளுரிமை இல்லை, அதனால் அவன் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. எனவே எசமான் அவனை அப்பல்லோவுக்கு "விற்பார்". காசு அடிமை சேர்த்த காசு, பெரும்பாலும் 3 முதல் 5 மினா வரை. தெய்வம் வாங்கியதாக எழுதப்படும், எவரும் இனி உரிமை கோர முடியாது. இங்குள்ள பெயர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம்.

சுவரில் எழுதியவுடன் எல்லோரும் போய்விடவும் முடியவில்லை. பல பத்திரங்களில் "எசமான் உயிரோடு இருக்கும்வரை கூடவே இருந்து சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்" என்ற நிபந்தனை உண்டு. முழு விலையையும் வாங்கிக்கொண்ட பிறகும்தான்! சிலவற்றில், விடுதலை பெறும் பெண் தனக்குப் பதிலாகத் தன் பிள்ளையொன்றை வளர்த்து எசமான் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதன் கீழே மாதத்தின் பெயர், ஆண்டின் அதிகாரி, பிணை நின்றவர், கோயில் பூசகர்கள், ஊர்ச் சாட்சிகள். அவளுடைய பெயர், எந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவள், எத்தனை மினா. எல்லாம் கோயிலைத் தாங்கும் கல்லிலேயே.